விரிசல் விட்ட நெக்கும் விடாத வதந்திகளும்

கிட்டார் விழுந்து நெக்கில் ஒரு கீறல் தெரிந்துவிட்டால் நம் ஊரில் இரண்டு வகை ஆலோசகர்கள் உடனே கிடைத்துவிடுகிறார்கள். ஒருவர், "அவ்வளவுதான், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்பார். மற்றவர் பெட்டிக்கடையில் ஒரு ட்யூப் ஃபெவிக்விக் வாங்கிவரச் சொல்வார். இருவருமே கிட்டாரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். முதலாமவர் பேச்சைக் கேட்டால், சரிசெய்யக்கூடிய வாத்தியம் பரண் ஏறும். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால், சரிசெய்யக்கூடியதே சரிசெய்ய முடியாததாகிவிடும். சர்ச் பாடகர் குழு, கல்லூரி விடுதி, மெல்லிசைக் கச்சேரி, மொட்டைமாடி வகுப்பு என்று கிட்டார் நம்மிடையே வெகுவாகப் பரவிவிட்டது. அது பரவிய வேகத்தில் அதன் பழுதைப் பற்றிய அறிவு பரவவில்லை. அந்த இடத்தைக் கேள்விப்பேச்சு நிரப்பிக்கொண்டிருக்கிறது.

"நெக்கில் கோடு தெரிந்தால் அது விரிசல்தான்" என்பதிலிருந்து தொடங்குவோம். நெக்கில் கோடு தெரிய மூன்று காரணங்கள் உண்டு. இரண்டு மரத்துண்டுகளைச் சேர்த்த ஒட்டாக இருக்கலாம், மேற்பூச்சு மட்டும் வெடித்திருக்கலாம், மரமே பிளந்திருக்கலாம். கவலைப்பட வேண்டியது மூன்றாவதற்கு மட்டும். பல கிட்டார்களில், கீகள் பொருத்திய தலைப்பகுதியான ஹெட் தனித் துண்டாக அறுக்கப்பட்டு, சாய்வாகச் சீவிய பரப்பில் நெக்கோடு ஒட்டப்பட்டிருக்கும். அதன் கோடு ஹெட்டை ஒட்டியோ முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குப் பின்னாலோ தெரியும். நெக் உடலோடு சேரும் தடித்த அடிப்பகுதியிலும் இரண்டு மூன்று துண்டுகளை அடுக்கி ஒட்டியிருப்பார்கள். இந்த ஒட்டுக் கோடு நேராகவோ சீரான வளைவாகவோ இருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே இடத்தில் தொடங்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் மரத்தின் ரேகை ஒரு திசையிலும் அந்தப் பக்கம் வேறு திசையிலும் ஓடும். விரிசலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. அது மரத்தின் இழையைப் பிடித்துக்கொண்டு, சிலாம்பு சிலாம்பாக, ஒழுங்கற்றுப் போகும்.

ஒட்டைக் கண்டதும் "மட்டமான மரம், துண்டு போட்டிருக்கான்" என்று முகம் சுளிப்பது நமக்கு இயல்பாக வருகிறது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையை உயர்வாக மதிக்கும் மரபு நம்முடையது. அந்த மதிப்பு அங்கே பொருந்தும். கிட்டாரின் நெக்கில் கணக்கு வேறு. சாய்வான ஹெட்டை ஒரே பலகையில் அறுத்தால், நெக்கின் நீளவாக்கில் ஓடிவரும் இழை, ஹெட் திரும்பும் இடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டு வெளியேறிவிடும். தனித் துண்டாக ஒட்டினால் ஹெட்டிலும் இழை அதன் நீளத்துக்கே ஓடும். ஆகவே நாம் இளக்காரமாகப் பார்க்கும் அந்த ஒட்டு, பல சமயம் ஒற்றைத் துண்டைவிட உறுதியானது. இது தெரியாமல், உடையாத நெக்கைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்களும், நல்ல கிட்டாரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மேற்பூச்சு வெடிப்பு இன்னொரு வீண் பீதி. நெக்கும் உடலும் சேரும் இடத்தில் இரண்டு வெவ்வேறு மரங்கள், வெவ்வேறு திசை இழைகளோடு சந்திக்கின்றன. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் ஊறி, இரவெல்லாம் ஏசி அறையில் காய்ந்து, மரம் விரிவதும் சுருங்குவதுமாக இருக்கும். இரண்டுக்கும் மேலாக ஒரே படலமாகப் போட்ட பாலிஷ் அந்த அசைவைத் தாங்காமல் மயிரிழைக் கோடு விடும். அங்கே மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? சுருதி கூட்டிய நிலையில் கோட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். கம்பிகளைத் தளர்த்திய பின் மறுபடியும் பார்க்க வேண்டும். இழுவையில் திறந்து, தளர்வில் மூடிக்கொள்ளும் கோடு விரிசல். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் விரிசலின் ஒரு உதடு மற்றதைவிடச் சற்றே உயர்ந்திருப்பது நிழலாகத் தெரியும். நகத்தால் வருடினாலும் தட்டும். கம்பிகள் தளர்ந்திருக்கும்போது ஒரு கையால் நெக்கைப் பிடித்து, மறு கையின் இரண்டு விரலால் ஹெட்டின் நுனியை மிக மெல்ல முன்னும் பின்னும் அசைக்கலாம். பலம் காட்டும் நேரம் இதுவல்ல. கோடு மூச்சு விடுவதுபோல் திறந்து மூடினால் ஐயமே வேண்டாம். கண்ணுக்கு எதுவும் தெரியாமலிருந்தும், எத்தனை முறை சுருதி கூட்டினாலும் ஆறு கம்பிகளும் சேர்ந்தாற்போல் இறங்கிக்கொண்டே இருந்தால், நெக்கும் ஹெட்டும் சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டுக்குப் பின்னால் சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டும். அங்கே முன்பக்க ஒட்டுப்பலகை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, பின்பக்கம் மரம் பிளந்திருக்கலாம்.

விரிசல் உறுதியானதும் செய்ய வேண்டிய முதல் வேலை கம்பிகளை முழுவதும் தளர்த்துவது. இங்கே குறுக்கே வருகிறது அடுத்த நம்பிக்கை: "ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் நெக் முறுக்கிக்கொள்ளும்." கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் இன்றும் உண்டு. தொழிற்சாலையில் கம்பியே இல்லாமல்தான் நெக் பிறக்கிறது. ஃப்ரெட் தேய்க்கும்போதும் மாற்றும்போதும் கம்பியில்லாமல்தான் நாள்கணக்கில் கிடக்கிறது. அசையும் பிரிட்ஜ் உள்ள சில கிட்டார்களில் எல்லாவற்றையும் கழற்றினால் பிரிட்ஜ் இடம் நகரும் என்பது உண்மை. அந்த வசதிக்காகச் சொன்ன எச்சரிக்கை, காது மாறி வாய் மாறி நெக்குக்கு வரும் ஆபத்தாகிவிட்டது. இந்தப் பயத்தின் விலை பெரியது. அக்கூஸ்டிக் கிட்டாரில் சாதாரண 12 கேஜ் ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. எலெக்ட்ரிக்கில் 10 கேஜ் கம்பிகளுக்கு 45 கிலோ. நைலான் கம்பிக்கே 40 கிலோவை ஒட்டி வரும். விரிசலை வைத்துக்கொண்டு "கடைக்காரர் பார்க்கட்டும், அதுவரை தொடாதே" என்று கம்பியை அப்படியே விட்டுவைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இந்த எடை அந்தப் பிளவில் தொங்குகிறது. காலையில் மயிரிழையாக இருந்தது மாலையில் இரண்டு துண்டு.

"நல்ல கம்பெனி கிட்டார் உடையாது, உடைந்தால் அது டூப்ளிகேட்" என்றொரு தீர்ப்பையும் அடிக்கடி கேட்கிறோம். உண்மை ஏறக்குறைய தலைகீழ். ஹெட் உடைவதற்கு உலகம் முழுவதும் பேர்போனவை, விலை லட்சங்களில் போகும் கிப்ஸன் லெஸ் பால் வகைக் கிட்டார்கள். காரணம் அவற்றின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. நெக் மஹோகனி மரம். ஹெட் 17 டிகிரி பின்னால் சாய்ந்தது. அந்தச் சாய்வில் இழை குறுகி வெளியேறுகிறது. போதாததற்கு, நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகுவதற்கான குழியை நட்டுக்குப் பின்னாலேயே தோண்டியிருக்கிறார்கள். கிப்ஸன் நிறுவனத்தைச் சேர்ந்த தாடியஸ் மெக்ஹ்யூவின் பெயரில் 1923இல் காப்புரிமை பெற்ற அருமையான கண்டுபிடிப்பு அது. நெக் வளைவதைக் கட்டுப்படுத்தியது. ஆனால் மரம் ஏற்கெனவே மெலிந்து நிற்கும் இடத்தில்தான் குழி விழுந்தது. 1960களின் நடுவில் அந்த நிறுவனம் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்துப் பார்த்தது. பிறகு அந்த இடத்தில் ஒரு சிறு திமில்போல மரத்தைக் கூட்டி வைத்தது. 1980களின் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டது. பழைய வடிவமே அழகு என்று வாங்குகிறவர்கள் கருதினார்கள். அழகோடு பலவீனமும் திரும்பி வந்தது. 1950இல் சந்தைக்கு வந்த ஃபெண்டர் எலெக்ட்ரிக் கிட்டாரிலோ ஹெட் சாய்வே இல்லை, மரமும் கெட்டியான மேப்பிள். அதன் ஹெட் இப்படி முறிவது அபூர்வம். ஆக, எங்கே உடையும் என்பதை வடிவம்தான் தீர்மானிக்கிறது. விலைச்சீட்டுக்கு அதில் பங்கு குறைவு.

இதோடு ஒட்டிப் பிறந்தது "கேஸுக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது" என்ற நிம்மதி. சுவரில் சாய்த்து வைத்த கேஸ் மல்லாந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேஸும் கிட்டாரின் உடலும் தரையில் மோதி நின்றுவிடும். ஆறு உலோகக் கீகளின் எடையோடு இருக்கும் ஹெட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அது வந்த வேகத்தில் மேலும் பின்னால் போகப் பார்க்கும். முறிவு நட்டுக்குப் பின்னால். கேஸில் ஒரு கீறல்கூட இருக்காது, திறந்து பார்த்தால் தலை தொங்கும். இதை நம்ப முடியாமல் கடைக்காரரையும் பார்சல்காரரையும் சண்டைக்கு இழுக்கிறோம். நெக்குக்கு அடியில் தாங்கல் இருக்கிறதா என்று பார்த்து, ஹெட்டைச் சுற்றி ஒரு பழைய துண்டை அடைத்து வைத்தால் இந்த விபத்தில் பெரும்பகுதி தவிரும். துணிப்பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் போகிறவர்கள், வீட்டு வாசல் நிலையில் ஹெட்டை இடிப்பது தனிக் கதை.

"ட்ரஸ் ராடை இறுக்கினால் விரிசல் மூடிக்கொள்ளும்" என்பதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. அந்த ராட் நெக்கின் வளைவைச் சரிசெய்ய இருக்கிறது. பிளந்த மரத்துக்குள் அதை இறுக்கினால், பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று விட்டு நகரும். பழுதுபார்க்கத் தொடங்குமுன் அதைத் தளர்த்துவதுதான் முறை.

இப்போது ஃபெவிக்விக்குக்கு வருவோம். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தாக வேண்டும். என் பார்வையில், உடைந்ததால் கெட்ட நெக்குகளைவிட அவசரமாக ஒட்டியதால் கெட்ட நெக்குகளே அதிகம். செருப்பு, சோப்பு டப்பா, கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றையும் நொடியில் ஒட்டிக் காட்டிய பசை என்பதால் அதன் மேல் நமக்கு அளவு மீறிய நம்பிக்கை. நொடியில் பிடிப்பதுதான் இங்கே அதன் குற்றம். நெக்கின் பிளவு ஆழமானது, உள்ளே பல சிலாம்புகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பவை. பசை கடைசி வரை பரவி, துண்டுகள் சரியான இடத்தில் உட்கார்ந்து, கிளாம்ப் இறுகுவதற்குச் சில நிமிடங்களாவது வேண்டும். உடனடிப் பசை வாயிலேயே காய்ந்துவிடுகிறது, உள்ளே பாதி வெற்றாக நிற்கிறது, துண்டு ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினால் ஒட்டியதுதான். காய்ந்தபின் அது கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையது. தொடர்ந்த இழுவையையும் அதிர்ச்சியையும் தாங்காது. அத்தோடு போனால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்பீர்கள். மரத்தின் நுண்துளைகளை அது அடைத்துவிட்ட பிறகு மரப்பசை உள்ளே இறங்காது. அசிட்டோன் விட்டுக் கரைக்கலாம் என்றால், பிளவின் ஆழத்தில் அது மெல்லத்தான் கரையும். அதற்குள் வெளியே உள்ள லேக்கர் பூச்சைத் தின்றுவிடும். பத்து ரூபாய்ச் சிக்கனம், ஒரு நாள் வேலையை ஒரு வார வேலையாக்கிவிடுகிறது. கைதேர்ந்தவர்கள் இதே பசையை மேற்பூச்சுக் கீறலுக்கும் சிறு சிலாம்புக்கும் பயன்படுத்துவார்கள். அதை யாரோ எட்டிப் பார்த்து, "அவரே அதைத்தானே போடுகிறார்" என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார்.

"அப்படியானால் ஃபெவிகால் போதும், மரத்துக்கென்றே உள்ளதுதானே?" பாதி சரி. சாதாரண வெள்ளைப் பசை மரத்தை நன்றாகவே பிடிக்கும். மேசையின் மூட்டுக்கும் நெக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மேசை மூட்டு சும்மா நிற்கிறது. நெக் இரவும் பகலும் இழுபடுகிறது. ஓயாத இழுவையிலும் வெப்பத்திலும் வெள்ளைப் பசை கண்ணுக்குத் தெரியாமல் நெகிழ்ந்து நகரும் குணம் கொண்டது. அதனால்தான் கிட்டார் செய்பவர்கள் அதைவிடக் கெட்டியாகக் காயும் மஞ்சள் நிற மரப்பசையை விரும்புகிறார்கள். டைட்பாண்ட் ஒரிஜினல் அவர்களிடையே அறிமுகமான பெயர். நம் பழைய ஆசாரிகள் காய்ச்சிப் பூசிய வச்சிரப் பசையும் நெகிழாமல் நிற்பதில் சிறந்தது. சூட்டோடு சூடாக வேலையை முடிக்கத் தெரிய வேண்டும். மரத்தூள் கொட்டிப்போய் இடைவெளி விழுந்த முறிவுக்கும், முன்பே தப்பான பசை பட்ட முறிவுக்கும் மெதுவாகக் காயும் அரால்டைட் போன்ற எபாக்ஸி கைகொடுக்கும். எந்தப் பசை போட்டாலும், மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் கிட்டாரை விட்டுப் போனால் அதன் பிடி தளரக்கூடும்.

பசையைவிட முக்கியம் அதைச் செலுத்தும் விதம். பிளவைச் சற்றே திறந்து, விரலால் பசையைத் தேய்த்து அழுத்தி, மெல்லிய முதல் கம்பியையோ பல்லிடுக்கு நூலையோ உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் பசை ஆழத்துக்குப் போகும். ட்ரஸ் ராடில் பசை படாமல் முன்பே மெழுகு தடவிக்கொள்ள வேண்டும். நெக்கின் வளைவுக்கேற்பச் செதுக்கிய கட்டைகளை இருபுறமும் வைத்துத்தான் கிளாம்ப் போட வேண்டும். இரும்பு வாயை நேரடியாக இறுக்கினால் புதிய தழும்புதான் மிஞ்சும். கோடு நெடுக முத்து முத்தாகப் பசை பிதுங்கி வந்தால் உள்ளே நிறைந்திருக்கிறது என்று பொருள். குறைந்தது 24 மணி நேரம் கிளாம்பை அசைக்கக் கூடாது. அதற்கு முன்பே "பிடிச்சிடுச்சு" என்று கம்பி ஏற்றிப் பார்க்கும் ஆவல், சொந்தக்காரர்களைவிட அவர்களுடைய நண்பர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது.

நாற்காலி பழுதுபார்த்த அனுபவத்தில் சொல்லப்படுவது, "ரெண்டு ஸ்க்ரூ போட்டா ஜென்மத்துக்கும் அசையாது." ஹெட் திரும்பும் இடத்தில் நெக்கின் கனம் ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அளவு, அதற்குள்ளே ட்ரஸ் ராட் குழி வேறு. எஞ்சிய மரத்தில் ஸ்க்ரூ இறங்கினால் ஆப்புபோல இழையைப் பிளக்கும். அடுத்த முறை உடையும்போது அந்த ஸ்க்ரூவை எடுக்கவே கூடுதலாக மரத்தைத் தோண்ட வேண்டும். வலுவூட்ட உண்மையான வழி வேறு: முறிவுக்குக் குறுக்காக நெக்கின் நீளவாக்கில் இரண்டு காடி எடுத்து, இழை நேராக ஓடும் கெட்டி மரச்சட்டங்களை அதில் பதித்து ஒட்டுவது, அல்லது ஹெட்டின் பின்புறத்தைச் சீவி, புது மரத்தகடு ஒன்றைப் போர்த்துவது. எல்லா முறிவுக்கும் இது தேவையில்லை. நீண்ட நாக்குகளாகப் பிளந்து, ஒட்டும் பரப்பு நிறைய இருக்கும் முறிவுக்குப் பசை மட்டுமே போதும். குறுக்கே மொட்டையாக முறிந்ததற்கும் இரண்டாம் முறை உடைந்ததற்கும்தான் இந்த வேலை.

இனி ஒன்றையொன்று மறுக்கும் இரட்டை நம்பிக்கை. "ஒட்டிய நெக் நிற்கவே நிற்காது" என்கிறது ஒரு கட்சி. "ஒட்டினால் முன்பைவிடப் பலம்" என்கிறது மறு கட்சி. சுத்தமான பிளவில் முறையாகப் போட்ட மரப்பசை, இழைவாக்கில் பக்கத்து மரத்தைவிட உறுதியாக நிற்கும். அதனால் முதல் கட்சி தோற்றது. ஆனால் பசைக்கோட்டுக்கு அரை அங்குலம் தள்ளி இருப்பது அதே மெலிந்த மரம், அதே குட்டை இழை. மறுபடி விழுந்தால் அங்கே உடையும். இரண்டாம் கட்சிக்கும் வெற்றியில்லை. திருகாணிகளால் பொருத்திய நெக் என்றால் கதையே வேறு. அதைக் கழற்றி வேறு மாட்டலாம். 1990இல் நியூஜெர்சியில் மேடைச் சாமான் சரிந்து விழுந்து ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானின் புகழ்பெற்ற ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரின் நெக் முறிந்தபோது, வேறு நெக்கை மாட்டித்தான் அந்தக் கிட்டார் மேடைக்குத் திரும்பியது. மலிவான, நெக்கை ஒட்டிச் செய்த கிட்டாராக இருந்தால், பழுதுக்கூலி அதன் விலையைத் தாண்டிவிடலாம். அப்போது புதிதாக வாங்குவதே கணக்குக்குச் சரி. ஆனால் அந்த முடிவைக் கூலி கேட்டபின் எடுக்க வேண்டும்; விழுந்த நிமிடத்தில் எடுக்கக் கூடாது.

"ஒட்டினால் நாதம் போய்விடும்" என்பதும் உண்டு. முறிவு இருப்பது நட்டுக்குப் பின்னால். கம்பி அதிர்வது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில். இறுகப் பிடித்த ஒட்டு காதில் விழாது. காதில் விழுந்தால் ஒட்டு சரியில்லை என்று பொருள்.

கடைசியாக, விற்கும்போது பேசப்படுவது: "நன்றாக ஒட்டிப் பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை." வாசிப்பதற்கு வேறுபாடு இல்லாவிட்டாலும் விலைக்கு உண்டு. சேகரிப்பாளர்கள் தேடும் பழைய கிட்டார்களில், ஒட்டிய ஹெட் என்றால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தச் சந்தையின் நடைமுறைக் கணக்கு. மறைக்க நினைக்கிறவர்கள் நெக்கின் பின்புறத்தில் மட்டும் கறுப்புப் பெயின்டைக் கனமாக அடிக்கிறார்கள். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை அதன் மேல் காட்டினால், பழைய லேக்கர் ஒரு விதமாகவும் புதுப்பூச்சு வேறு விதமாகவும் ஒளிரும். அந்தப் பெயின்டுக்கு அடியில் என்ன பசை இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. பிற்பாடு திறக்கிற பழுதுபார்ப்பவருக்கும் தெரியாது; அவர் சோதித்துப் பார்த்தே பாதி நாளைக் கழிப்பார். எந்தப் பசை, எந்த மாதம், காடிச்சட்டம் வைத்ததா இல்லையா என்று ஒரு சீட்டில் எழுதி கேஸுக்குள் போட்டு வைத்தால் அந்த வேலை மிச்சம்.